மார்கழிக் காலையில் நாயுடன் கடற்கரைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டரை மாதம்தான் கடற்கரை முழுதாகக் கிடைக்கிறது. கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் தொடங்கி, மாசி நடுவில் வெயில் ஏறும் வரை. மார்கழியிலும் தையிலும் விடியற்காலை வெப்பநிலை 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடும். மணல் பனியில் நனைந்து குளிர்ந்து கிடக்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்காமல் நாய் ஒரு மணி நேரம் நடக்க இதைவிட நல்ல காலம் இந்த ஊரில் கிடையாது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மிளகுடன் எனக்கு இது ஆறாவது மார்கழி. மிளகு நாட்டு நாய். கறுப்பு நிறம், நான்கு பாதங்களில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அவளிடமும் குப்பத்து மீனவர்களிடமும் கற்றுக்கொண்டதை, புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நம் கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அலையோரத்தில் நாய் தன்னிஷ்டத்துக்குப் பாய்ந்தோடும் படங்களைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே வலை காய்கிறது, ஆமை முட்டையிடுகிறது, தெருநாய் குட்டி போட்டிருக்கிறது, குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். இத்தனை பேருக்கு நடுவில் நம் நாயும் ஆசைதீர நடக்க வேண்டுமென்றால் அதற்கு வழி நீளமான ஒரு கயிறு. இந்தக் கட்டுரையில் பாதி அந்தக் கயிற்றைப் பற்றியதுதான்.

ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

குட்டியாக இருந்தால் அவசரப்படாதீர்கள். தடுப்பூசி வரிசை பதினாறு வாரத்தை ஒட்டித்தான் முடியும். அதற்குப் பின் இரண்டு வாரமாவது போகட்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வயிற்றுப்போக்கின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பல நாய்கள் நடமாடும் கடற்கரை அதற்குத் தோதான இடம். வளர்ந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் அந்த ஆண்டுக்குப் போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு கடற்கரைக்குப் போகிறோம். வழியெல்லாம் தேங்கிய தண்ணீர், அதில் எலிச் சிறுநீர். குடற்புழு மருந்தும் தவறக் கூடாது, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சென்னை மாநகராட்சியின் வளர்ப்புப்பிராணி உரிமம் இல்லாதவர்கள் அதையும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

இனி கயிறு. எட்டிலிருந்து பத்து மீட்டர், சுண்டுவிரல் தடிமனில் பருத்திக் கயிறு. நைலான் வேண்டாம். நாய் திடீரென்று பாயும்போது நைலான் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் வார்களும் கடற்கரைக்கு ஆகாது. மணலும் உப்பும் உள்ளே புகுந்து, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். கயிற்றின் முனையில் பித்தளைக் கொக்கி போடுங்கள். இரும்புக் கொக்கி ஒரு மாதத்தில் துருவேறிவிடும். அந்தக் கொக்கியைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது, மார்புப் பட்டையில் மாட்டுங்கள். பத்து மீட்டர் ஓடி வேகமெடுத்த நாய் கயிறு தீர்ந்து வெட்டென்று நிற்கும்போது அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கக் கூடாது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இடது கையில் வளையம் வளையமாகச் சேர்த்துப் பிடித்து, வலது கையால் விட்டும் வாங்கியும் நடக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் சேந்திப் பழகியவர்களுக்கு இது தானாக வரும். மற்றவர்கள் மொட்டை மாடியிலோ பூங்காவிலோ ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். நாய்க்கும் ஒரே ஒரு பாடம் அந்த வாரத்தில் போதும். "விடு" என்றால் வாயில் இருப்பதை விட வேண்டும், விட்டவுடன் அதைவிட ருசியான ஒன்று கிடைக்கும். அவித்த கோழித் துண்டோ முட்டைத் துண்டோ வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யுங்கள். இந்தப் பாடம் கடற்கரையில் உயிரைக் காப்பாற்றும். மிகையாகச் சொல்லவில்லை.

எந்த நாள், எந்த நேரம்

மார்கழித் தொடக்கத்தில் சூரியன் 6.20-ஐ ஒட்டி எழும், தைப்பொங்கல் சமயத்தில் 6.35 ஆகிவிடும். சூரியன் எழ அரைமணி நேரம் முன்பு மணலில் கால் வைப்பதுபோல் கிளம்புங்கள். கீழ்வானம் வெளுத்திருக்க வேண்டும், மணலில் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு முந்தைய இருட்டில் நாயோடு போகாதீர்கள். அந்த நேரம் ஆமைகளுடையது.

சில நாட்களை விட்டுவிடுங்கள். ஜனவரி 1 காலையில் கரையெங்கும் உடைந்த கண்ணாடி கிடக்கும். போகியன்று ஊரே புகைமூட்டம். நாயின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது, அன்று அது வீட்டுக்குள் இருக்கட்டும். காணும் பொங்கலுக்கு மறுநாள், இலட்சக்கணக்கானோர் வந்துபோன மணலில் எலும்பும் குச்சியும் எச்சில் இலையும் சிதறிக் கிடக்கும். புயல் கடந்த பிறகு மூன்று நான்கு நாள் பொறுங்கள், கடல் தன் வயிற்றிலிருப்பதைக் கரையில் கக்கும் நாட்கள் அவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் இதே பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன் என்று அழைக்கப்படும் கடல் நத்தைகள் ஒதுங்கின. விரல் நுனி அளவுதான், பார்க்க நகைபோல இருக்கும், ஆனால் கடுமையாகக் கொட்டும்.

போகும் முன் நாய்க்குச் சாப்பாடு வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் போதும். வயிறு நிறைந்து ஓடினால், குறிப்பாகப் பெரிய உடம்புக்கார நாய்களுக்கு, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பையில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு கிண்ணம், பழைய செய்தித்தாள், துண்டு, கைவிளக்கு, முள் எடுக்கச் சாமணம், சின்ன டப்பாவில் கோழித் துண்டுகள். அவ்வளவுதான்.

மணலில் இறங்கியதும்

முதல் ஐந்து நிமிடம் நடக்காதீர்கள். நில்லுங்கள். கடலை இதுவரை பார்க்காத நாய்க்கு அலைச் சத்தம் பெரிய மிரட்டல். வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு பின்வாங்கினால் இழுக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போய் அலையில் விடவும் கூடாது. மிளகு முதல் நாள் அலையிலிருந்து முப்பது அடி தள்ளி உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் காதுதான் திரும்பியது, அடுத்தது மூக்கு. அந்த ஈரக் கறுப்பு மூக்கின் இரண்டு ஓரப் பிளவுகளும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஏதோ நீண்ட கடிதத்தை வரி விடாமல் படிப்பதுபோல இருந்தது. பத்து நிமிடம் கழித்து அவளாக எழுந்து, ஈர மணலில் ஒரு காலை வைத்து எடுத்து, மறுபடி வைத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் நடை. நாலாவது நாள் நுரையைக் கடிக்கத் துரத்தினாள்.

பிறகு வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். இதற்குக் காரணம் காற்று. இந்தப் பருவத்தில் வீசுவது வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று. வடக்கே முகம் வைத்து நடந்தால் முன்னால் இருக்கும் எதன் வாசனையும் நாய்க்கு முன்கூட்டியே வந்துவிடும். நாயின் தலை உயர்ந்து காது நிமிர்ந்தால் ஐம்பது அடி தள்ளி ஏதோ இருக்கிறது என்று நமக்கும் தெரிந்துவிடும். தெற்கு நோக்கி நடந்தால் நிலைமை தலைகீழ். நம் வாசனை முன்னே போகும், தெருநாய்களுக்குத்தான் முதலில் செய்தி கிடைக்கும். ஆகவே உடம்பில் தெம்பும் கவனமும் இருக்கும்போது வடக்கே போய், போன வழியே திரும்பிவிடுங்கள்.

அலை வந்து போகும் ஈரக் கோட்டுக்குச் சற்று மேலே மணல் கெட்டியாக இருக்கும். அங்கேயே நடங்கள். பொதபொதவென்ற மணலில் நெடுந்தூரம் நடந்தால் வயதான நாய்களுக்கும் கனத்த நாய்களுக்கும் இடுப்பு வலிக்கும். முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கரையில் கிடப்பவை

புதிதாக வருகிறவர்கள் அலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது மணலில் கிடக்கும் மீனுக்கு.

வலையில் சிக்கியவற்றில் விலைபோகாததை மீனவர்கள் கரையிலேயே விட்டுவிடுவார்கள். அதில் பேத்தை மீனும் இருக்கும். காற்றடைத்த பந்துபோல் வயிறு உப்பி, பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு காய்ந்தாலும் போகாது, வெந்தாலும் போகாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. தின்ற நாய்க்கு முதலில் வாயில் எச்சில் ஊற்றும், வாந்தி வரும், பின்கால் தள்ளாடும், கடைசியில் மூச்சு நிற்கும். மிளகு இரண்டாவது மார்கழியில் அப்படி ஒன்றை வாயில் எடுத்துவிட்டாள். கருவாடுபோல் உலர்ந்திருந்தது. வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் பேத்தை, பேத்தை என்று கத்தினார். எனக்குக் கை நடுங்கியது. ஓடிப்போய் வாயைப் பிளக்கத்தான் மனம் தவித்தது. அப்படிச் செய்திருந்தால் விளையாட்டென்று நினைத்து விழுங்கியிருப்பாள். நின்ற இடத்திலிருந்தே "விடு" என்றேன், டப்பாவைத் திறந்தேன். ஒரு நொடி யோசித்தாள். மீன் மணலில் விழுந்தது. வீட்டுக்குள் இருபது இருபது தடவையாகச் செய்த பாடம் அந்த ஒரு நொடிக்காகத்தான் போலிருக்கிறது. நாய் ஒருவேளை விழுங்கியே விட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். மீனின் மிச்சத்தைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பக்கத்தில் எது எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்பதை முன்பே விசாரித்து எண்ணைக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும்.

மற்றவை இதற்கு அடுத்த கட்டம். சொறி என்கிற ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும். கெளுத்தியின் முதுகு முள் பாதத்தில் ஏறினால் நிமிர்ந்து உள்ளேயே நிற்கும், இழுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் போவதே நல்லது. அறுந்த தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலைத் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் விரலிடுக்கில் சுற்றிக்கொள்ளும். நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் முதலில் அதைத் தேடுங்கள். கடற்பாம்பு எப்போதாவது வலையோடு வந்து கிடக்கும். செத்ததுபோல் இருந்தாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

நண்டு வளைகளைச் சொல்ல வேண்டும், நாய்களுக்குக் கடற்கரையிலேயே பெரிய கொண்டாட்டம் அதுதான். மணல் நிறத்தில் ஒரு நண்டு விருட்டென்று ஓடி வளைக்குள் மறையும். நாய் வளை வாசலில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் காத்திருக்கும். காத்திருக்கட்டும். குழி பறிக்க மட்டும் விடாதீர்கள்.

பறிக்கக் கூடாததற்குக் காரணம் பங்குனி ஆமை. ஜனவரியிலேயே அவை சென்னைக் கரைக்கு முட்டையிட வரத் தொடங்கிவிடும், பங்குனி வரை வரும். மணலில் ஒன்றரை அடி ஆழத்தில் நூறு, நூற்றிருபது முட்டைகள். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். நாய் தோண்டினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் இந்தக் கரையில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது காலையில் உங்கள் நாயின் மூக்கில் படலாம். கடலிலிருந்து மேட்டுக்கு ஏறித் திரும்பிய டிராக்டர் சக்கரத் தடம்போல மணலில் தெரிந்தால் கயிற்றை முழுதும் சுருட்டி நாயைக் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். தடத்தின்மேல் நடக்காமல் விலகிப் போய், வனத்துறைக்கோ பொரிப்பகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். இறந்த ஆமை ஒதுங்கியிருந்தாலும் அப்படியே. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின, அந்த மாதம் முழுவதும் நடக்கவே மனம் கனத்தது. ஆமையும் அதன் முட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகபட்சப் பாதுகாப்புக்குரிய பட்டியலில் இருப்பவை. நாய் செய்தாலும் பொறுப்பு நம்முடையது.

குப்பத்தைக் கடக்கும்போது

வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம், தெற்கே ஓடைக்குப்பம். நமக்கு நடைபாதையாகத் தெரியும் மணல் அவர்களுக்குத் தொழிலிடம். நாம் நடக்கிற நேரம்தான் படகுகள் கரையேறும். படகிலும் வலையிலும் நம் நாய் காலைத் தூக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. அந்த இடம் வந்ததும் கயிற்றை ஒன்றரை மீட்டராகச் சுருக்கி, படகுகளுக்கும் கடலுக்கும் நடுவில் போகாமல் பின்புறமாகச் சுற்றிப் போங்கள். கருவாடு காயவைத்திருக்கும் பக்கமே வேண்டாம். ஒரு வணக்கம் சொல்லி நகருங்கள். நாலு நாள் பார்த்துவிட்டால் அவர்களே எந்தப் பக்கம் சொறி ஒதுங்கியிருக்கிறது, எங்கே புது நாய்க்கூட்டம் வந்திருக்கிறது என்று சொல்லுவார்கள்.

மலம் அள்ளாமல் வருகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. மணல் போட்டு மூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாய் மலத்திலிருக்கும் கொக்கிப்புழு முட்டை ஈர மணலில்தான் நன்றாகப் பொரியும். அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து வாரக்கணக்கில் அரிப்பைக் கொடுக்கும். இந்த மணலில் வெறுங்காலோடு நடப்பவர்கள் குப்பத்துக் குழந்தைகள். குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான். செய்தித்தாளை நாலாக மடித்து அள்ளிச் சுருட்டி, சாலையோரக் குப்பைத் தொட்டி வரை கையில் எடுத்து வாருங்கள்.

தெருநாய்கள்

புரட்டாசி, ஐப்பசியில் சேர்ந்த தெருநாய்கள் ஒன்பது வாரம் கழித்து, அதாவது சரியாக இந்தக் குளிரில், குட்டி போட்டிருக்கும். படகின் அடியிலும் கடைகளின் பலகைக்குக் கீழும் தாயும் குட்டிகளும் இருக்கும். உறுமிக்கொண்டு வரும் நாய் பெரும்பாலும் அந்தத் தாய்தான். அதற்கு நம்மைக் கடிக்க விருப்பமில்லை, விலகிப் போனால் போதும். ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கல்லெடுப்பதுபோல் குனியச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, மிரண்ட தாயை அது இன்னும் மிரட்டும். கயிற்றைச் சுருக்கி, உங்கள் உடம்பை இரண்டு நாய்களுக்கும் நடுவில் வைத்து, வளைந்து அலைப்பக்கம் இறங்கி நடந்துவிடுங்கள். பிஸ்கட் வீசிச் சமாதானம் செய்யவும் வேண்டாம். அடுத்த நாள் கூட்டமாகக் காத்திருக்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போனால் பத்துப் பதினைந்து நாளில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

தண்ணீர்

எலியட்ஸ் கடற்கரை மணலில் தனியாக நிற்கும் வெள்ளைக் கட்டடத்தை எல்லோரும் படம் எடுத்திருப்பீர்கள். அது டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஷ்மிட் என்பவரின் நினைவாகக் கட்டியது. 1930 டிசம்பர் 30 அன்று, இதே இடத்தருகே, மற்றவர்களின் உயிரைக் காப்பாற்றப் போய் மூழ்கினார் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அதுவும் ஒரு மார்கழி நாள். வடகிழக்குப் பருவக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், மழைக்காலத்தில் கரை அரிக்கப்பட்டுக் காலடியில் திடீர்ப் பள்ளங்கள் விழுந்திருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல் அமைதியாகக் கலங்கித் தெரிந்தால் அதுதான் உள்ளே இழுக்கும் இடம். நாயின் முழங்கால் நனையும் அளவு போதும். கயிறு இருக்கும்வரை அலை தட்டினாலும் இழுத்துக்கொள்ளலாம். நாய் அடித்துச் செல்லப்பட்டால்கூட நீங்கள் பின்னால் இறங்காதீர்கள், குப்பத்தை நோக்கிக் குரல் கொடுங்கள்.

நாய்கள் கடல்நீரைக் குடிக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் உப்பு அதில் இருக்கிறது. கொஞ்சம் குடித்தால் வயிற்றுப்போக்கு, நிறையக் குடித்தால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். கால்மணிக்கு ஒருமுறை கிண்ணத்தில் நல்ல தண்ணீர் கொடுத்துவந்தால் கடல்நீர்ப் பக்கம் வாய் போகாது. பந்து வீசி விளையாடாதீர்கள். ஈரப் பந்தோடு உள்ளே போகும் மணல் குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

வீடு திரும்பியதும்

நல்ல தண்ணீரில் வயிறும் கால்களும் கழுவுங்கள். சோப்பு தினமும் வேண்டாம். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரம் போகத் துடையுங்கள், உப்பு தங்கினால் நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும். காது மடலின் உட்புறம், கக்கம், வாலடி மூன்று இடத்திலும் உண்ணி தேடுங்கள். சாப்பாடு அரைமணி நேரம் கழித்து.

கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உப்பேறிய பருத்தி விறைத்துப்போய் அடுத்த நாள் கையை அறுக்கும். எங்கள் வீட்டில் பின்கட்டுக் கொடியில் அது சொட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேர்கீழே, சொட்டும் தண்ணீர் முதுகில் படுவதையும் பொருட்படுத்தாமல், மிளகு பத்து மணி வரை தூங்குவாள்.